இறந்தவர் தொடுத்த வழக்குகள்

அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த 'ரீடீஸ் மிரர்' என்னும் வார இதழில், 1914ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், சில சிறு கவிதைகள் அச்சாயின. ஒரு சிற்றூரின் இடுகாட்டுக் குன்றில் புதைக்கப்பட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தத்தம் கதையைத் தாமே கூறுவதாக அவை அமைந்திருந்தன. ஊரின் பெயர் ஸ்பூன் ரிவர். எழுதியவர் வெப்ஸ்டர் ஃபோர்டு என்று போட்டிருந்தது. அப்படி ஒருவர் இல்லை. பழைய ஆங்கில நாடக ஆசிரியர்களாகிய ஜான் வெப்ஸ்டர், ஜான் ஃபோர்டு ஆகிய இருவர் பெயரையும் இணைத்துப் புனைந்த பெயர் அது. அதனுள் ஒளிந்திருந்தவர், சிகாகோ நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடிவந்த எட்கர் லீ மாஸ்டர்ஸ். கவிதை எழுதுபவர் என்று தெரிந்தால் கட்சிக்காரர்கள் படியேற மாட்டார்கள் என்ற அச்சம் அவரைப் புனைபெயரைத் தேட வைத்தது.

மாஸ்டர்ஸின் வழக்கறிஞர் தொழிலை, கவிஞர் ஒருவரின் காலில் பூட்டிய விலங்காகக் காண்பதே இலக்கிய வரலாற்றில் வழக்கமாக இருந்துவருகிறது. அவரும் அப்படித்தான் நினைத்தார். அக்கருத்தை அவ்வாறே ஏற்பதற்கில்லை. ஸ்பூன் ரிவர் கவிதைகளை அக்காலத்து அமெரிக்க நீதிமன்றங்களின் விபத்து வழக்குகளோடு சேர்த்துப் படிப்பவர்க்கு, விலங்கு என்று சொல்லப்பட்டதே அக்கவிதைகளுக்கு எலும்பாக இருந்தமை புலனாகும்.

மாஸ்டர்ஸ் 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்துக் கார்னெட் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தில். முதலில் சாங்கமன் ஆற்றங்கரையிலுள்ள பீட்டர்ஸ்பர்க், பின்னர் ஸ்பூன் ஆற்றுக்கு அண்மையிலுள்ள லூயிஸ்டவுன். தந்தை ஹார்டின் மாஸ்டர்ஸ் ஊர் அறிந்த வழக்கறிஞர். குடியை ஒழிக்கவேண்டும் என்று தேவாலயத்தாரும் வணிகப் பெருமக்களும் கொடிபிடித்த ஊரில், அவர்களுக்கு எதிர்க்கட்சியில் நின்றவர். மகனோ கிரேக்கமும் இலத்தீனும் கற்க ஆசைப்பட்டார். நாக்ஸ் கல்லூரியைச் சார்ந்த பள்ளியில் 1889-90இல் ஓராண்டு படித்ததோடு அக்கல்வி நின்றது. தந்தையார் மேற்கொண்டு பணம் தர இசையவில்லை. தந்தையின் அலுவலகத்திலேயே சட்டம் பயின்று, 1891இல் வழக்கறிஞராகப் பதிந்துகொண்டார். ஓர் ஊரின் குடும்பச் சண்டைகள், கடன் பத்திரங்கள், உயில்கள், மறைத்துவைத்த பழிகள் ஆகிய யாவும் வந்து குவியும் இடம் வழக்கறிஞரின் அறை. இளைஞர் ஒருவர் அங்கே கற்றது சட்டத்தை மட்டுமாக இருந்திருக்க முடியாது.

1892இல் சிகாகோ சென்றார். முதலில் கிடைத்த வேலை எடிசன் மின்சார நிறுவனத்திற்குப் பாக்கிக் கட்டணம் வசூலிப்பது. மின்கட்டணம் செலுத்தாதவர்களின் கதவைத் தட்டிக்கொண்டு மாநகரின் சந்துபொந்துகளை அறிந்தார். அடுத்த ஆண்டு கிக்ஹாம் ஸ்கேன்லன் என்னும் வழக்கறிஞரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார். 1898இல் திருமணம், மனைவி ஹெலன் ஒரு வழக்கறிஞரின் மகள். அதே ஆண்டில் முதல் கவிதைத் தொகுதியும் வந்தது. அது எவர் கண்ணிலும் படவில்லை. யாப்புக்கு அடங்கிய, புத்தக வாடை வீசும் செய்யுட்கள் அவை, படாததில் வியப்பில்லை.

அந்த நாளைய விபத்துச் சட்டத்தை இங்கே சற்று விரித்துச் சொல்லவேண்டும். அது தெரியாமல் ஸ்பூன் ரிவரின் சில கவிதைகள் விளங்கமாட்டா.

1888ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு முடிந்த ஓராண்டில் மட்டும், அமெரிக்க இருப்புப்பாதைகளில் பணிபுரிந்தோருள் 2,000 பேருக்கு மேல் மாண்டனர்; 20,000 பேருக்கு மேல் காயமுற்றனர். குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் இதனை நாடாளுமன்றத்திற்கு எடுத்துரைத்து, போர்முனையில் நிற்கும் படைவீரனுக்குரிய ஆபத்து உழைப்பாளிக்கு நேர்வது நாகரிகத்துக்கு இழுக்கு என்னும் பொருள்படக் கூறினார். இரண்டு பெட்டிகளை இணைக்க அவற்றின் இடையில் நின்று இரும்பு வளையத்தைக் கையால் முளையில் மாட்டவேண்டிய காலம் அது. தொழிலாளியின் விரல்களைப் பார்த்தே அவர் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று கணக்கிடலாம் என்பது போன்ற நிலைமை. தானியங்கி இணைப்புகளைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893இல்தான் வந்தது.

காயமுற்றவர் முதலாளிமீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் முதலாளியைக் காக்க மூன்று கவசங்கள் இருந்தன. காயமுற்றவரின் கவனக்குறைவும் சிறிது கலந்திருந்தால் இழப்பீடு இல்லை என்பது ஒன்று. வேலையின் ஆபத்து தெரிந்தே சேர்ந்தீர், ஆகவே அதனை ஏற்றுக்கொண்டீர் என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் கொடுமையானது. உடன் வேலை செய்யும் ஊழியரின் பிழையால் காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பாக மாட்டார் என்றது அது. இதனை 'உடன் ஊழியர் விதி' என்றனர்.

அவ்விதியின் தொடக்கம் இங்கிலாந்தில். இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வண்டி, அளவுக்கு மீறிய பாரத்தால் முறிந்து விழ, வேலைக்காரப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஜூரியார் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேல் நீதிமன்றத்தில் அபிஞ்சர் பிரபு 1837இல் அதனைத் தள்ளினார். இதனை அனுமதித்தால், பணிப்பெண் ஈரப் படுக்கையை விரித்துவிட்டாள் என்று வேலைக்காரர்கள் எசமானர்மேல் வழக்காடத் தொடங்கிவிடுவார்களாம்! ஐந்தாண்டு கழித்து, 1842இல், மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அதே விதியை அமெரிக்க மண்ணில் நட்டார். ஃபார்வெல் என்னும் ரயில் ஓட்டுநர், தண்டவாள மாற்றுக்காரரின் பிழையால் வலக் கையை இழந்திருந்தார். நாளொன்றுக்கு 2 டாலர் கூலி பெற்றவர் அவர். அந்தக் கூலியிலேயே ஆபத்துக்கு உரிய விலையும் அடங்கியிருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். இந்த ஷாவின் மகளைத்தான் 'மோபி டிக்' எழுதிய ஹெர்மன் மெல்வில் மணந்தார். தம் முதல் நூலையும் மாமனாராக வரவிருந்த அவருக்கே படைத்தார். சட்டமும் இலக்கியமும் ஒரே வீட்டில் உண்டு உறங்கினாலும் ஒன்றையொன்று திருத்திவிடுவதில்லை.

காயமுற்றவர் இறந்துவிட்டால்? ஆளோடு வழக்கும் மாளும் என்பது பழைய ஆங்கில நெறி. மனித உயிரின் இழப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு தீங்காக முறையிட முடியாது என்று எல்லன்பரோ பிரபு 1808இல் தீர்ப்பளித்தார். ரயில்கள் பெருகி, சாவுகளும் பெருகிய பின்னர் 1846இல் இங்கிலாந்தும், 1853இல் இல்லினாய் மாநிலமும், இறந்தவரின் குடும்பத்தார் வழக்கிட வழிசெய்தன. இந்தியாவிற்கு அச்சட்டம் 1855இல் வந்தது. இல்லினாய் சட்டம் 5,000 டாலர் என்று ஓர் உச்சவரம்பும் கட்டியது. ஆகவே, கைகால் இழந்து உயிரோடு இருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய தொகை, செத்தவரின் மனைவி மக்களுக்குக் கிடைப்பதைவிட மிகுதியாக இருக்கக்கூடும் என்ற விந்தையும் உண்டாயிற்று.

இத்தகைய வழக்குகளை ஏழைகள் நடத்துவது எங்ஙனம்? வென்றால் தொகையில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்று வழக்கறிஞர்கள் பேசிக்கொண்டனர். பங்கு பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இந்திய வழக்கறிஞர்களுக்குத் தொழில்நெறி இதனை விலக்குகிறது. அமெரிக்காவிலோ இதுவே ஏழையின் வாயில். அதே வாயில் வழியாகப் பேராசைக்காரர்களும் நுழைந்தனர். காயமுற்றவரை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியைத் துரத்துவோர் என்று இத்தொழிலினரை இகழும் சொல்வழக்கு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. மதிப்புமிக்க வழக்கறிஞர்கள் எதிர்ப்பக்கத்தில், ரயில் நிறுவனங்களின் சம்பளத்தில் இருந்தனர்.

அந்த எதிர்ப்பக்கத்திலிருந்து இப்பக்கத்துக்கு வந்தவர் கிளாரன்ஸ் டாரோ. சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் வழக்கறிஞராக இருந்த அவர், 1894ஆம் ஆண்டுப் புல்மன் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வாதாட அப்பதவியைத் துறந்தார். 1902இல் பென்சில்வேனிய நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்தின்முன், சுரங்கத்தில் உறுப்பிழந்தவர்களையே சாட்சிகளாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களின் உடம்பே வாதம் ஆயிற்று. இந்த டாரோவின் நிறுவனத்தில் 1903இல் கூட்டாளியாகச் சேர்ந்தார் மாஸ்டர்ஸ்.

எட்டு ஆண்டுகள் இக்கூட்டு நீடித்தது. தொழிற்சங்க வழக்குகளும், காயம்பட்டோரின் இழப்பீட்டு வழக்குகளும் நிறுவனத்தைத் தேடி வந்தன. ஜான் டர்னர் என்னும் ஆங்கிலேய அராஜகவாதியை நாடுகடத்துவதை எதிர்த்து 1904இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் டாரோவும் மாஸ்டர்ஸும். வழக்குத் தோற்றது. டாரோ மேடைக்கு உரியவர்; ஐடஹோவிலும் பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸிலும் நாடறிந்த வழக்குகளுக்காக மாதக்கணக்கில் வெளியூரில் இருந்தார். மனுக்களை வரைவதும், மேல்முறையீட்டு வாதவுரைகளை எழுதுவதும், அன்றாட வழக்குகளைப் பார்ப்பதும் மாஸ்டர்ஸின் தலையில் விழுந்தன. பணப் பங்கீட்டில் கசப்பு முற்றி 1911இல் பிரிந்தனர். அதன்பின் அக்கசப்பு ஒருபோதும் தணியவில்லை. 1936இல் எழுதிய தன்வரலாற்றில் டாரோவைப் பற்றிப் பேசும் இடங்களிலும் அவர் பெயரை மாஸ்டர்ஸ் எழுதவில்லை. மாஸ்டர்ஸைத் தியாகியாக்கிக் காட்டவேண்டியதில்லை. பணம் அவருக்கு முக்கியமாக இருந்தது. பகையை வளர்த்து வைத்துக்கொள்ளும் இயல்பும் இருந்தது. ஏழைகளுக்காக வாதாடியதும் உண்மை.

1909ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இல்லினாயின் செர்ரி என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத்துக் கோவேறு கழுதைகளுக்குக் கொண்டுசென்ற வைக்கோலில் தீப்பற்றி 259 பேர் மாண்டனர். அத்துயரமே 1911இல் அம்மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிறக்க ஒரு பெருங்காரணம். யார் பிழை என்று ஆராயாமல், காயத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது அச்சட்டத்தின் நோக்கம். உடன் ஊழியர் விதி மெல்ல மறையத் தொடங்கியது. இந்தியாவில் இழப்பீட்டுச் சட்டம் 1923இலும், நீதிமன்ற வழக்குகளில் அவ்விதியை எதிர்வாதமாக எழுப்புவதைத் தடுக்கும் சட்டம் 1938இலும் வந்தன. அவ்விதி பிறந்த இங்கிலாந்தோ அதனை 1948 வரை முற்றாகக் கைவிடவில்லை.

இனி 1914. அவ்வாண்டு மே மாதத்தில் மாஸ்டர்ஸின் தாயார் சிகாகோ வந்து மகனோடு தங்கினார். பீட்டர்ஸ்பர்க், லூயிஸ்டவுன் மனிதர்களைப் பற்றி இருவரும் நாட்கணக்கில் பேசினர். இன்னார் என்ன ஆனார், இன்னாருக்கு எங்கே அடக்கம் என்ற பேச்சு. தாயாரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியவர் அன்றே முதற்கவிதையை எழுதினார். 'மிரர்' இதழின் ஆசிரியர் வில்லியம் மரியன் ரீடி பல ஆண்டுகளுக்கு முன்பே அவரிடம் கிரேக்கத் தொகைநூலைப் படிக்கக் கொடுத்திருந்தார்; கல்லறைமேல் பொறிக்கும் சிறு பாடல்கள் நிறைந்த நூல் அது. வடிவம் அங்கிருந்து வந்தது என்பர். ஓரளவுக்கு அது சரியே. ஆனால் கிரேக்கக் கல்லறைப் பாடலில் இத்தனை குற்றச்சாட்டு இல்லை. இத்தனை எதிர்வாதமும் இல்லை. ஸ்பூன் ரிவரில் கணவர் ஒன்று கூறுவார்; அடுத்த கல்லறையில் மனைவி அதனை மறுப்பார். வங்கியை மூழ்கடித்தவரும் அதில் பணம் இழந்தவரும் ஒரே குன்றில் கிடந்து பேசுவர். இது குறுக்கு விசாரணையில் பழகிய காது எழுதிய கவிதை. அப்போது அவர் சிகாகோ உணவகப் பணிப்பெண்களின் சங்கத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். வேலை நாளில் வழக்கு. சனிக்கிழமைப் பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கவிதை.

புட்ச் வெல்டி என்பவரின் கவிதையைச் சான்றாகக் கொள்ளலாம். முரட்டு வாழ்வை விட்டுத் திருந்திய அவருக்கு, உணவுப் பொருளைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலையில் வேலை கிடைக்கிறது. பற்றவைக்கும் கருவிகளைச் சூடேற்றும் அடுப்புகளுக்கான பெட்ரோலை, ஆடும் ஏணியில் ஏறி வாளி வாளியாகத் தொட்டியில் ஊற்றுவது அவர் பணி. ஒரு காலையில் தொட்டி வெடிக்கிறது. கால்கள் இரண்டும் முறிந்து, கண்கள் வெந்து விழுகிறார். யாரோ ஓர் அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார். அந்த யாரோ வெல்டியின் உடன் ஊழியர் என்கிறார் நீதிபதி. ஆகவே ஆலை உரிமையாளர் ஒரு காசும் தரவேண்டியதில்லை. பார்வையற்ற வெல்டி சாட்சிக் கூண்டில் அமர்ந்து, அந்த ஆளைத் தமக்குத் தெரியவே தெரியாது என்று திரும்பத் திரும்பக் கூறுகிறார்.

சட்டம் அறியாதவர்க்கு அந்த முடிவு ஒரு பேதையின் புலம்பலாகத் தோன்றக்கூடும். அறிந்தவர்க்கு அது வாதம். தலைமை நீதிபதி ஷா தம் தீர்ப்பில் சொன்ன காரணங்களுள் ஒன்று, உடன் வேலை செய்வோர் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்ள முடியும் என்பது. முகமே தெரியாத ஒருவரைக் கண்காணிப்பது எவ்வாறு? எழுபது ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிய எதிர்வாதத்தை, சட்டம் படிக்காத ஒருவரின் வாயில் ஒரே வரியாக வைத்துவிட்டார் மாஸ்டர்ஸ். தேதி, இடம், வேலையின் தன்மை, கருவியின் பழுது, நேர்ந்த காயம், பொறுப்பாளி, தீர்ப்பு என்று அக்கவிதை செல்லும் வரிசை, ஒரு வழக்குரையின் வரிசையே. உவமை ஓரிரண்டுதான். உணர்ச்சியை விளக்கும் சொல் ஏறக்குறைய இல்லை.

எதிர்க்கட்சிக்கும் அக்குன்றில் இடம் உண்டு. ஜான் எம். சர்ச் என்பவர் ரயில் நிறுவனத்துக்கும், சுரங்க முதலாளிகளைக் காப்பீடு செய்த நிறுவனத்துக்கும் வழக்கறிஞர். நீதிபதியையும் ஜூரியையும் மேல் நீதிமன்றங்களையும் வளைத்து, முடவர், கைம்பெண், அநாதைக் குழந்தை ஆகியோரின் கோரிக்கைகளைத் தோற்கடித்துச் செல்வம் குவித்தவர். வழக்கறிஞர் சங்கம் புகழ்ந்து தீர்மானம் நிறைவேற்றுகிறது, மலர்மாலைகள் குவிகின்றன. எலிகள் அவருடைய நெஞ்சைத் தின்றதையும், மண்டையோட்டில் பாம்பு குடியேறியதையும் அவரே கூறி முடிக்கிறார். மாஸ்டர்ஸ் தம் தொழிற்பகையை அடக்காமல் கொட்டிய இடம் இது. வெல்டி கவிதையின் நிதானம் இதில் இல்லை. வட்ட நீதிபதி ஒருவரும் பேசுகிறார். வழக்கின் நியாயத்தைப் பாராமல் வழக்கறிஞர்கள் பெற்ற புள்ளிகளை எண்ணியே தீர்ப்பு எழுதியவர். தம்மால் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர் தம்மைவிட மாசற்றவர் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பெயரில்லாத அந்நீதிபதிதான் வெல்டியின் வழக்கைத் தள்ளியவரா என்பதைக் கவிஞர் சொல்லவில்லை. ஒரே ஊர், ஒரே பதவி; படிப்பவர் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆளோடு வழக்கும் மாளும் என்ற நெறியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய ஒருவர், ஆள் மாண்டபின் வழக்கு எழும் ஒரு நூலை எழுதினார். இது தற்செயலாக நேர்ந்ததாகக் கொள்ள முடியவில்லை. சட்டம் சாட்சியாக ஏற்காதவர்களையெல்லாம் அவர் சாட்சிக்கு அழைத்தார். தீர்ப்பு மட்டும் எழுதவில்லை.

1914 நவம்பரில் ரீடி புனைபெயரை வெளிப்படுத்தினார். தொடர் முடிந்த நிலையில், 1915 ஜனவரியில் மாஸ்டர்ஸ் கடும் நிமோனியாவில் விழுந்தார். ஏப்ரலில் மேக்மில்லன் நிறுவனம் நூலை வெளியிட்டது. கவிதை நூல் எதுவும் அந்நாட்டில் அதுவரை கண்டிராத அளவுக்குப் பேசப்பட்டது என்பது மிகையாகாது. எஸ்ரா பவுண்டு இலண்டனிலிருந்து வரவேற்று எழுதினார். அவர் அஞ்சியதும் நடந்தது. கட்சிக்காரர்கள் குறைந்து தொழில் தேய்ந்தது. 1923இல் முதல் மணம் முறிந்தபோது ஹெலனின் பக்கம் நின்ற வழக்கறிஞர் டாரோ. மாஸ்டர்ஸ் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார்; 1926இல் எல்லன் கோய்ன் என்பவரை மணந்தார். நீதிமன்றத்தை விட்டபின் எழுதுவதற்கு நேரம் வேண்டிய மட்டும் கிடைத்தது. கவிதை, நாவல், நாடகம், வாழ்க்கை வரலாறு என்று நூல்கள் ஆண்டுதோறும் வந்தன. லிங்கனைத் தாக்கி 1931இல் எழுதிய வரலாறு பழிச்சொல்லைச் சேர்த்தது. 1924இல் 'புதிய ஸ்பூன் ரிவர்' என்று மீண்டும் முயன்று பார்த்தார். அதில் மனிதர்கள் கருத்துரைக்கிறார்கள், சாட்சி சொல்லவில்லை. பிற நூல்களில் எதுவும் முதல் ஸ்பூன் ரிவரின் அருகில் வைக்கத்தக்கதன்று. விலங்கு கழன்ற பின்னர்க் கால் நடக்க மறந்ததை அவர் கடைசிவரை வேறு காரணங்களாலேயே விளக்கிக்கொண்டார்.

நியூயார்க்கின் செல்சீ விடுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1940களில் நோயாலும் போதிய உணவின்மையாலும் மெலிந்து, 1950ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் பென்சில்வேனியாவின் மெல்ரோஸ் பார்க்கில் இறந்தார். உடல் பீட்டர்ஸ்பர்க் கொண்டுவரப்பட்டு, அவர் கவிதையில் எழுந்து பேசியவர்களுள் சிலருக்கு மூலமானவர்கள் கிடக்கும் ஓக்லாந்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. லூயிஸ்டவுன்காரர்கள் தங்கள் பாட்டன்மாரை அந்நூலில் அடையாளம் கண்டு வெகுண்டனர். ஊர் நூலகத்தில் அதனை வைப்பதில்லை என்று முடிவாயிற்று. நூலகக் குழுவில் மாஸ்டர்ஸின் தாயாரும் இருந்தார். அவரும் அத்தடைக்கே வாக்களித்தார் என்பர். 1974ஆம் ஆண்டு வரை அந்தத் தடை நீடித்தது.